குறைநிரப்பு என்றால் என்ன?

தீவகத்தின் கரையோரக் கிராமம் ஒன்றிலுள்ள முன்பள்ளி மண்டபத்தில், தாய்மாருக்கான போசாக்குக் கருத்தரங்கொன்றை நாம் ஒழுங்குசெய்திருந்தோம். வளவாளராக வந்திருந்தவர் நன்கு படித்தவர், நல்லெண்ணம் கொண்டவர். ஆனால் அவருடைய பேச்சில் 'சப்ளிமென்ரேசன்' என்ற ஆங்கிலச் சொல் அடிக்கடி வந்துகொண்டிருந்தது. தேநீர் இடைவேளையின்போது, அச்சொல்லின் பொருள் விளங்கியதா எனச் சில தாய்மாரிடம் கேட்டோம். ஒருவர் "மேலதிகச் சாப்பாடு" என்றார். இன்னொருவர் "சத்துமா" என்றார். மூன்றாமவர் சற்றுத் தயங்கிவிட்டு, "நிவாரணம்தானே, சுவாமி?" என்று எம்மையே திருப்பிக் கேட்டார்.

இம்மூன்று விடைகளிலும் சிறிது உண்மை உண்டு. எனினும் இம்மூன்றுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சொல் விளையாட்டு அன்று. அந்த வேறுபாடு விளங்காதபடியால் பிள்ளைகளின் எடை கூடாமற் போகின்றது, கிணறுகள் கெடுகின்றன, உதவி செய்ய வந்தவர்களும் உதவி பெற்றவர்களும் மனக்கசப்புடன் பிரிகின்றார்கள். ஆகவே இந்த ஒரு சொல்லை எடுத்து, அது எங்கிருந்து வந்தது, நமது மொழியில் அதற்கு என்ன பெயர், நமது ஊரிலே அது எப்படிச் சரியாகவும் பிழையாகவும் பயன்படுகின்றது என்பதை ஆறுதலாக நோக்குவோம்.

சொல்லின் பொருள்

குருமடத்தில் நாம் படித்த இலத்தீன் மொழியிலே 'சுப்ளேரே' என்றொரு வினைச்சொல் உண்டு. 'பிளேரே' என்பது நிரப்புதல்; 'சுப்' என்பது கீழிருந்து. ஒரு பாத்திரம் ஏற்கெனவே இருக்கின்றது. அதில் ஓரளவு நீரும் இருக்கின்றது. விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே உள்ள வெறுமையைக் கீழிருந்து மேல்நோக்கி நிரப்புவதே அதன் கருத்து. உரோமர்கள் தமது படையணிகளில் இழப்பு ஏற்பட்டபோது, அந்த வெற்றிடத்துக்குச் சேர்க்கப்பட்ட புதிய போர்வீரரை 'சுப்ளெமெந்தும்' என்று அழைத்தார்கள். அவர்கள் புதிய படை ஒன்றை அமைக்கவில்லை. இருந்த படையின் குறையை நிரப்பினார்கள்.

தமிழில் இதற்கு நல்லதொரு சொல் எப்போதோ கிடைத்துவிட்டது. வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கிய பணம் போதாதபோது அரசாங்கம் பாராளுமன்றத்தில் மேலும் பணம் கேட்டு முன்வைப்பதைப் பத்திரிகைகள் 'குறைநிரப்புப் பிரேரணை' என்று எழுதுகின்றன. பாடசாலைக் கணிதத்திலோ இரு கோணங்கள் சேர்ந்து 90 பாகையானால் அவை நிரப்புக் கோணங்கள். 180 பாகையானால் மிகைநிரப்புக் கோணங்கள். 110 பாகைக் கோணத்துக்கு மிகைநிரப்புக் கோணம் 70 பாகை மட்டுமே. 60 பாகையைச் சேர்த்தால் நேர்கோடு அமையாது. 80 பாகையைச் சேர்த்தாலும் அமையாது. எவ்வளவு சேர்க்கவேண்டும் என்பதை, சேர்ப்பவரின் தாராள மனம் தீர்மானிப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் கோணமே தீர்மானிக்கின்றது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த இந்த உண்மையைத் திட்டம் தீட்டும் நாம் பல தடவைகளில் மறந்துவிடுகின்றோம்.

நமது மொழியில் 'குறை' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. குறை என்பது இல்லாமை. குறை என்பது முறைப்பாடும் ஆகும். 'குறை கேட்டல்' என்றும், 'குறை சொல்லுதல்' என்றும் நாம் பேசுகின்றோம். ஒரு குறையை நிரப்ப வேண்டுமாயின் முதலில் அந்தக் குறையைக் கேட்க வேண்டும் என்பதை மொழியே நமக்குச் சொல்லித் தருகின்றது.

அடுத்துள்ள வீட்டுச் சொற்கள்

குறைநிரப்புடன் சேர்த்துக் குழப்பப்படும் மூன்று சொற்கள் உள்ளன. அவற்றைப் பிரித்தறிவது பயனுடையது.

முதலாவது, மேலதிகம். போதுமானது இருக்க, அதற்கு மேலும் கிடைப்பது மேலதிகம். விருந்து வீட்டில் இரண்டாம் தடவை பரிமாறும் பாயசம் மேலதிகம். அது இல்லாவிட்டாலும் ஒருவருக்கும் நட்டமில்லை.

இரண்டாவது, பதிலீடு. ஒன்று முற்றாக இல்லாதபோது அதன் இடத்தில் இன்னொன்றை வைப்பது. இதை யாழ்ப்பாணத்து மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் கிடையாதபோது பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தோம். மண்ணெண்ணெய் அரிதானபோது ஜாம் போத்தலில் சிறு திரியிட்டு விளக்கேற்றிப் பிள்ளைகளைப் படிப்பித்தோம். மின்சாரமும் பற்றரியும் இல்லாதபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். இவையெல்லாம் பதிலீடுகள். இல்லாமையில் பிறந்த இந்தக் கெட்டித்தனத்தை நாம் பெருமையுடன் நினைவுகூரலாம். ஆனால் பனம்பழம் சவர்க்காரத்தின் குறையை நிரப்பியது என்று சொல்லமாட்டோம்.

மூன்றாவது, செறிவூட்டல். எல்லோரும் உண்ணும் ஒரு பொருளிலேயே குறைவாக உள்ள சத்தைச் சேர்த்துவிடுவது. 1995 முதல் நமது நாட்டில் மக்களின் உணவுக்காக விற்கப்படும் உப்பில் அயடீன் சேர்க்கப்பட வேண்டும் என்பது சட்டம். கழலை நோயைத் தடுக்க இதைவிட இலகுவான வழியில்லை. இங்கே தனியொருவரைத் தேடிப்போய்க் கொடுக்கத் தேவையில்லை. கறியில் உப்புப் போடும் எல்லோருக்கும் அது போய்ச் சேருகின்றது.

குறைநிரப்பு இம்மூன்றிலிருந்தும் வேறானது. அதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு. ஓர் அடிப்படை ஏற்கெனவே இருக்கவேண்டும். அதில் இன்ன குறை என்று தெரிந்திருக்கவேண்டும். அந்தக் குறைக்கு ஏற்ற அளவில், அந்த ஆளுக்கு, அந்தக் காலத்துக்கு மட்டும் அது கொடுக்கப்படவேண்டும்.

நமது ஆச்சிமார் அறிந்திருந்தது

இது மேல்நாட்டிலிருந்து வந்த புது அறிவு என எண்ணிவிடக்கூடாது. பெண்பிள்ளை பெரியபிள்ளையானதும் நமது வீடுகளில் உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுப்பார்கள். பிள்ளை பெற்ற தாய்க்குக் காயச் சரக்கு அரைத்துக் கறி வைப்பார்கள். பால் சுரக்கவென்று பாற்சுறா வாங்கிச் சமைப்பார்கள். உளுந்திலே புரதமும் இரும்பும் உண்டு. எண்ணெயிலே சக்தி உண்டு. முட்டையின் பெருமையைச் சொல்லத் தேவையில்லை. வளரும் வயதிலும், மாதவிடாய் தொடங்கும் காலத்திலும், பாலூட்டும் காலத்திலும் பெண்ணின் உடலுக்கு என்ன கூடுதலாக வேண்டும் என்பதை, பெயர் தெரியாமலே ஆச்சிமார் அறிந்திருந்தார்கள்.

இந்த வழக்கத்தில் நாம் கவனிக்கவேண்டிய ஒன்றுண்டு. அந்தப் பிள்ளை களியை மட்டும் உண்டு வாழவில்லை. சோறும் கறியும் வழமைபோல இருந்தன. களி அவற்றின் மேல் வந்தது. அது அவளுக்குரியது என்பதை வீடு முழுவதும் ஏற்றுக்கொண்டது. இத்தனை நாள் என்ற கணக்கும் இருந்தது. ஆள், அளவு, காலம் ஆகிய மூன்றும் அங்கே பொருந்தியிருந்தன. ஆனால் அன்றும்கூட, அடுப்பில் சோறே வேகாத வீட்டில் களி கிண்டப்படவில்லை என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

திரிபோசாவின் கணக்கு

நமது நாட்டில் குறைநிரப்பு உணவு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது திரிபோசா. 1973 இல் தொடங்கிய இத்திட்டம் அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. 'மூன்று போசணை' என்பது அப்பெயரின் பொருள். அதாவது சக்தி, புரதம், நுண்சத்துக்கள். சோளமும் சோயாவும் கொண்டு செய்த மாவுடன் விற்றமின்களும் கனியுப்புகளும் சேர்க்கப்படுகின்றன. கர்ப்பிணிகள், முதல் ஆறு மாதங்கள் பாலூட்டும் தாய்மார், எடை குறைந்த சிறு பிள்ளைகள் ஆகியோருக்கு இது தாய்சேய் நிலையங்களின் ஊடாக இலவசமாக வழங்கப்படுகின்றது. ஒருவருக்கு மாதம் 750 கிராம் பைக்கற் இரண்டு என்பதே வழமையான ஒதுக்கீடு. அதன்படி நாளொன்றுக்கு 50 கிராம்.

இந்த 50 கிராம் மாவில் ஏறக்குறைய 200 கிலோ கலோரி சக்தி உண்டு. இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1000 கிலோ கலோரி தேவை எனக் கொள்வோம். அப்படியானால் திரிபோசா கொடுப்பது ஐந்தில் ஒரு பங்கு. மீதி நான்கு பங்கும் தாய்ப்பாலிலிருந்தும் வீட்டுச் சோற்றிலிருந்தும் பருப்பிலிருந்தும் மீனிலிருந்தும் கீரையிலிருந்தும் வரவேண்டும். திட்டம் தீட்டியவர்கள் அந்த நான்கு பங்கும் வீட்டில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

முன்னர் சொன்ன அதே கிராமத்தில், தொடர்ந்து ஆறு மாதங்கள் திரிபோசா பெற்றும் எடை கூடாத ஒரு பிள்ளை இருந்தது. வளர்ச்சி அட்டையிலே கோடு படுத்தே கிடந்தது. குடும்பநல உத்தியோகத்தர் கவலைப்பட்டார். தாய் கவனிப்பதில்லை என்று அயலவர் கதைத்தார்கள். நாமும் அவ்வாறே எண்ணிக்கொண்டு ஒருநாள் அவ்வீட்டுக்குச் சென்றோம். "பிள்ளை, மாவைக் குழந்தைக்குக் குடுக்கிறனீங்கள்தானே?" என்று கேட்டோம். அந்தத் தாய் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"அது இவனுக்கெண்டுதான் தாறவை, சுவாமி. எனக்குத் தெரியும். ஆனா மற்ற ரண்டும் பசியோட பாத்துக்கொண்டு நிக்கேக்க நான் எப்பிடி ஒண்டுக்கு மட்டும் குடுக்கிறது?"

கணவர் கடலுக்குப் போகாத நாட்களில் அவ்வீட்டின் காலை உணவே அந்த மாதான். 50 கிராம் மூன்றாகப் பிரிந்தால் ஒரு பிள்ளைக்கு 17 கிராமும் வராது. ஐந்தில் ஒரு பங்கை நிரப்ப வந்தது, பதினைந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. அது மட்டுமன்றி, மேலே சேர்க்க வந்தது அடிப்படையாகவே மாறிவிட்டது. குறைநிரப்பு பதிலீடாகிவிட்டது. தாயின் கவனத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. மூன்று பிள்ளைகளையும் ஒரே கண்ணால் பார்த்தமையே அவர் செய்தது. அதைக் குற்றம் என்று எந்தத் தாயிடமும் எம்மால் சொல்லமுடியாது.

பிழை எங்கே என்று பின்னோக்கிப் பார்த்தபோது எமது அறிக்கைகளே எமக்கு வெட்கத்தைத் தந்தன. நாமும் அக்காலத்தில் எமது திட்டத்தின் மூலம் பயறும் சத்துமாவும் பகிர்ந்துகொண்டிருந்தோம். எத்தனை பைக்கற், எத்தனை குடும்பம் என்று அழகாக எண்ணி எழுதியிருந்தோம். அந்தப் பைக்கற் வீட்டுக்குள் போனதும் என்ன ஆகின்றது, அங்கே ஏற்கெனவே என்ன இருக்கின்றது என்ற கேள்விக்கு எமது படிவத்தில் ஒரு வரிகூட இருக்கவில்லை.

அதன் பின்னர் அக்கிராமத்து மாதர் சங்கத்தினருடன் இருந்து பேசினோம். அவர்களே ஒரு வழி சொன்னார்கள். முன்பள்ளியில் காலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பயற்றங்கஞ்சியும் முருங்கையிலை வறையும் கொடுப்பது; பள்ளிக்கு வராத சிறிசுகளையும் தாய்மார் அந்த நேரத்துக்குக் கூட்டிவருவது. மற்றப் பிள்ளைகளின் வயிறு நிறைந்தால், எடை குறைந்த பிள்ளையின் மா அந்தப் பிள்ளைக்கே மிஞ்சும். பெரிய திட்டமல்ல, செலவும் அதிகமல்ல. ஆயினும் அடுத்து வந்த மாதங்களில் அந்த வளர்ச்சி அட்டையின் கோடு மெல்ல நிமிரத் தொடங்கியது. குறைநிரப்பு தன் வேலையைச் செய்ய வேண்டுமானால் அடிப்படையை முதலில் பார்க்கவேண்டும் என்பதை அந்தத் தாய்மாரே எமக்குக் கற்பித்தார்கள்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் திரிபோசாவுக்கே தட்டுப்பாடு ஏற்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வீட்டின் நான்கு பங்கும் சுருங்கிய அதே காலத்தில் ஐந்தாவது பங்கும் கைவிட்டது. மேலிருந்து வருவதை மட்டும் நம்பியிருப்பது எத்துணை ஆபத்தானது என்பதற்கு இது ஒரு பாடம்.

பால்குடிப் பிள்ளைகளின் விடயம்

இங்கே இன்னொரு மயக்கத்தையும் தீர்த்துக்கொள்வோம். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். அதன் பின்னர் தாய்ப்பாலைத் தொடர்ந்துகொண்டே வேறு உணவும் கொடுக்கவேண்டும் என்பது 2001 இலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆறு மாதத்துக்குப் பின் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் இந்த உணவை நிரப்பு உணவு எனலாம். பிள்ளை வளர்ந்ததால் ஏற்படும் இயல்பான தேவை அது. திரிபோசா போன்ற குறைநிரப்பு உணவோ எடை குறைந்த பிள்ளைக்கு உரியது. இரண்டையும் ஒன்றென எண்ணும்போது, நான்காம் மாதத்திலேயே மாவைக் கரைத்துப் போத்தலில் ஊட்டும் வழக்கம் உண்டாகின்றது. அப்போது தாய்ப்பால் குறைகின்றது, வயிற்றோட்டம் வருகின்றது. நிரப்ப வந்தது, இருந்ததையும் குறைத்துவிடுகின்றது.

குளிசைகள்

கர்ப்பிணித் தாய்மாருக்குச் சிகிச்சை நிலையங்களில் இரும்புச்சத்து, போலிக்கமிலம், கல்சியம், விற்றமின் சீ ஆகிய குளிசைகள் கொடுக்கப்படுகின்றன. பல வீடுகளில் இக்குளிசைகள் பாதி பாவித்தபடி தட்டிலே கிடப்பதை நாம் கண்டிருக்கின்றோம். "வயித்தைப் பிரட்டுது" என்பார்கள். "பிள்ளை பெருத்துப்போகும், பிறகு வெட்டித்தான் எடுக்கவேணும்" என்று பயப்படுவார்கள். இந்தக் குறைகளைக் கேட்டு விளக்கம் சொல்ல எவருக்கும் நேரமில்லாத இடத்தில் குளிசை தட்டிலேயே தங்கிவிடுகின்றது.

ஒழுங்காக விழுங்குபவர்களிடமும் ஒரு பிழை உண்டு. குளிசையைப் போட்டு ஒரு கோப்பைத் தேநீரையும் குடித்துவிடுகின்றார்கள். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு, உடல் அதை உறிஞ்ச விடாமல் தடுக்கின்றது. கல்சியமும் அவ்வாறே தடுக்கும். ஆகவே அவ்விரு குளிசைகளையும் வேறுவேறு நேரங்களில் எடுக்கச் சொல்கின்றார்கள். விற்றமின் சீயோ இரும்புக்குத் துணை. கீரைக்கறியில் தேசிக்காய்ப் புளி விடும் நமது வழக்கத்தில் எத்தனை நியாயம் இருக்கின்றது பாருங்கள். வாய்க்குள் போனதெல்லாம் உடலுக்குள் சேர்ந்துவிட்டதாகக் கொள்ளமுடியாது என்பதே இதிலுள்ள பாடம்.

குறையில்லாத இடத்தில் நிரப்பினால்

இப்போது எதிர்த் திசையில் ஓர் உதாரணம். காய்கறிகளிலும் கீரைகளிலும் உள்ள பீற்றா கரோற்றின் என்ற சத்து நல்லது என்பது எல்லோரும் அறிந்ததே. அதைக் குளிசையாகக் கொடுத்தால் புகைபிடிப்போரைச் சுவாசப்பைப் புற்றுநோயிலிருந்து காக்கலாம் என்ற நம்பிக்கையுடன் பின்லாந்து நாட்டில், புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேற்பட்டோரிடம் பெரும் ஆய்வொன்று நடத்தப்பட்டது. 1994 இல் அதன் முடிவு வெளிவந்தபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. குளிசை உண்டவர்களிடையே புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. நல்ல பொருள்தான், ஆனால் பற்றாக்குறை என்று காணாதவர்களுக்குப் பெருமளவில் கொடுக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் அனுப்பும் விற்றமின் போத்தல்களை அலுமாரியில் அடுக்கி வைத்து, வைத்தியரைக் கேளாமல் நாள்தோறும் விழுங்குவோர் இதைச் சிந்திக்கவேண்டும்.

முதலில் எடுத்துவிட்டுப் பின்னர் நிரப்புவது இன்னொரு வகையான வீண். 1890களில் யாவாத் தீவில் பெரிபெரி நோயை ஆராய்ந்த எய்க்மன் என்ற ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய வெள்ளை அரிசி தின்ற கோழிகள் கால் சோர்ந்து விழுவதையும், தவிடு நீக்காத அரிசி கொடுத்தபோது அவை தேறுவதையும் கண்டார். தவிட்டிலிருந்த சத்து விற்றமின் பீ1 என்பது பின்னர் தெரியவந்தது. 1929 இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நெல்லை அவித்துப் புழுங்கலாக்கும்போது அச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள்ளே இறங்கித் தங்குகின்றது. மொட்டைக்கறுப்பன் போன்ற நமது நெல்லைப் புழுக்கி, அளவோடு தீட்டி உண்டவர்களுக்கு அந்தக் குறை வருவது அரிது. இன்று பளபளக்கும் வெள்ளைப் பச்சையரிசியை வாங்கி உண்டுவிட்டு, பீ விற்றமின் குளிசையையும் வாங்குகின்றோம். குறையையும் காசு கொடுத்து வாங்கி, அதற்கான நிரப்பையும் காசு கொடுத்து வாங்குகின்றோம்.

மண்ணுக்கும் இதே நியாயம்

மனித உடலுக்குச் சொன்னது மண்ணுக்கும் பொருந்தும். பயிருக்கு வேண்டிய சத்துக்களில் எது மிகக் குறைவாக உள்ளதோ அதுவே விளைச்சலைத் தீர்மானிக்கும் என்ற கருத்தைப் 19 ஆம் நூற்றாண்டில் லீபிக் என்ற ஜேர்மன் இரசாயனவியலாளர் பரப்பினார். துலாவிலே நீர் இறைத்த காலத்து ஓலைப்பட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டையின் ஒரு பக்கம் கிழிந்திருந்தால் அந்தக் கிழிசல் மட்டத்துக்குத்தான் நீர் நிற்கும். கிழியாத பக்கத்தை எவ்வளவு உயர்த்திக் கட்டினாலும் பயனில்லை.

நமது வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களில் நடப்பது என்ன? இலை பச்சையாக நிற்கவேண்டும் என்பதற்காக யூரியாவை மேலும் மேலும் போடுகின்றோம். மண்ணில் குறைவாக உள்ளது பொற்றாசியமோ, சேதனப் பொருளோ, வேறொன்றோ என்று மண்ணைப் பரிசோதித்துப் பார்ப்பதில்லை. பயிர் எடுத்துக்கொள்ளாத நைதரசன் எங்கே போகும்? வலிகாமத்தின் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணக்கல். அதிலே வெடிப்புகளும் குகைகளும் உண்டு. மழையும் இறைப்பு நீரும் அந்த நைதரசனை நைத்திரேற்றாக நேரே கிணற்றுக்குக் கொண்டுசெல்கின்றன. மலசலகூடக் குழிகளிலிருந்து இறங்குவதும் அதனுடன் சேருகின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இந்த எல்லை மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கலாம். உடல் நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என நினைப்பது தவறு. கொதிக்கும்போது நீர் ஆவியாகுமேயன்றி நைத்திரேற்று நீங்காது. இவ்வாறு தோட்டத்தில் அளவு மீறிய நிரப்பு, தொட்டிலில் நஞ்சாகின்றது.

இதற்கு மாறான தவறும் நம் கண்முன்னே நடந்தது. 2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தது. சேதனப் பசளை நல்லதே. ஆனால் அதைத் தயாரிக்கக் காலமும் கால்நடையும் தழையும் வேண்டும். படிப்படியாகக் குறைநிரப்பாகச் சேர்ந்து வளரவேண்டியதை ஒரே நாளில் முழுப் பதிலீடாக ஆக்கினார்கள். அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. நாட்டின் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது.

நமது கமக்காரர்களின் பழைய முறை இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கின்றது. நெல் அறுத்த வயலிலே சணல் விதைத்து, பூக்கும் பருவத்தில் உழுது புதைப்பார்கள். அது காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குக் கொடுக்கும் பயிர். தோட்டங்களில் பனையோலையும் பூவரசந்தழையும் தாழ்ப்பார்கள். ஆடுமாடுகளைப் பட்டி அடைப்பார்கள். இவை மண்ணின் அடிப்படையைக் காத்தன. அந்த அடிப்படையின் மேல், மண்பரிசோதனை காட்டும் அளவுக்குப் பசளையிடுவதே சரியான குறைநிரப்பு.

உதவியும் உரிமையும்

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையில் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். அதன் பின்னர் பல்லாயிரம் குடும்பங்கள் உலர் உணவு நிவாரணத்தில் வாழ்ந்தன. தொழிலும் வளவும் வள்ளமும் இழந்தவர்களுக்கு அந்த அரிசியும் பருப்பும் உயிர் காத்தன. அதை எவரும் குறைத்துப் பேசலாகாது. ஆனால் அப்போது நிரப்பப்பட வேண்டியிருந்தது குறை மட்டுமன்று, பாத்திரமே பறிபோயிருந்தது. அத்தகைய நிலையில் முழு உணவும் கொடுப்பது கடமை. அதைக் குறைநிரப்பு என்று பெயரிட்டு அளவைக் குறைப்பது அநீதி. அதேபோல, மக்கள் மீண்டும் தம் நிலத்துக்கும் கடலுக்கும் திரும்பிய பின்னரும் அதே பைக்கற்றைக் கொடுத்துவிட்டு, வலைக்கும் விதைக்கும் நியாய கூலிக்கும் வழி காணாதிருப்பதும் அநீதியே.

எமது கருத்தரங்கில் "நிவாரணம்தானே, சுவாமி?" என்று கேட்ட அந்தத் தாயின் கேள்வி ஏன் எழுந்தது என்பது இப்போது விளங்குகின்றது. அவருடைய வாழ்நாளில் வெளியிலிருந்து வந்த எல்லாமே நிவாரணமாகவே வந்திருக்கின்றன. "உங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கின்றது?" என்று எவரும் அவரைக் கேட்டதில்லை. குறைநிரப்பு என்ற சொல் அந்தக் கேள்வியைத் தனக்குள்ளே வைத்திருக்கின்றது. நிரப்புவதற்கு முன், இருப்பதை மதித்து அளக்கவேண்டும் என்று அது கேட்கின்றது. அவரிடம் இருந்தது கொஞ்சமல்ல: தாய்ப்பால், முருங்கை மரம், கடலறிவு, அயலவர், மூன்று பிள்ளைகளையும் சமமாய்ப் பார்க்கும் மனம். இவற்றின் மேல்தான் எமது 50 கிராம் மா சேரவேண்டியிருந்தது.

ஆகவே, அடுத்த தடவை நமது கிராமத்துக்கு ஒரு திட்டம் வரும்போதும், வைத்தியசாலையில் குளிசை தரப்படும்போதும், தோட்டத்துக்குப் பசளை வாங்கும்போதும் அவசரப்படாமல் கேட்டுப் பார்ப்போம். கேட்பது நன்றிகெட்டதனம் அன்று. குறை கேட்பவருக்கும் குறை சொல்பவருக்கும் இடையில்தான் நிரப்பு நடைபெறுகின்றது.

குழுக்களில் கலந்துரையாட

1. நமது வீட்டில் ஒரு பிள்ளைக்கென்று வரும் சத்துணவு உண்மையில் யாருக்குப் போகின்றது? ஏன்?

2. நமது கிராமத்தில் இன்று நடைபெறும் உதவிகளில் எது குறைநிரப்பு, எது பதிலீடு, எது மேலதிகம்?

3. நமது தோட்ட மண்ணும் கிணற்று நீரும் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டன? கமநல சேவை நிலையத்தையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் இது பற்றிச் சந்திக்க யார் பொறுப்பேற்கலாம்?

4. வெளியிலிருந்து ஒன்றும் வராது என்று வைத்துக்கொண்டால், நமது குறைகளில் எவற்றை நாமே ஒருவருக்கொருவர் நிரப்பிக்கொள்ளலாம்?